அப்பா சொன்ன மூணு பக்கம்

எங்க ஊர் ஏரிக்கு ரெண்டு மதகு. 2008 நவம்பர்ல நிஷா புயல் மழை கொட்டினப்ப தெக்கு மதகோட பக்கச் சுவர் பிளந்துடுச்சு. ஏரி நிரம்பியும் பிரயோஜனம் இல்லை, ராவும் பகலும் தண்ணி ஒழுகிப் போயிட்டே இருந்தது. அடுத்த வருஷம் ஆயக்கட்டுக்காரங்க 63 பேர் சேர்ந்து மனு போட்டோம். பேர், த/பெ, சர்வே நம்பர், பரப்பு. டவுன்ல ஒரு டிடிபி கடையில கொடுத்து அடிச்சு வாங்கினோம்.

எங்கப்பாவும் கூட வந்திருந்தார். அவர் சும்மா இருப்பாரா? தண்ணி கம்மியான வருஷத்துல எந்தக் கழனிக்கு மொதல்ல மடை திறக்கணும், நீர்க்கட்டிக்கு அறுப்புல எத்தனை மரக்கா நெல்லு, எந்தக் கால்வாய் எந்த மேட்டைச் சுத்திப் போகும், எல்லாத்தையும் சொல்ல ஆரம்பிச்சுட்டார். கடைத் தம்பி நல்ல பையன். பெரியவர் பேசப் பேச அடிச்சுட்டே வந்தான். மூணு பக்கம் வந்தது. மனுவோட சேர்த்து வெக்கலாம்னு நினைச்சோம். ஆபீஸ்ல, "கதையெல்லாம் எதுக்குங்க, பேரும் நம்பரும் போதும்"னுட்டாங்க. அதனால அந்த மூணு பக்கத்தை பிரிண்ட் எடுக்கவே இல்லை. தம்பி எல்லாத்தையும் என் பென் டிரைவ்ல போட்டுக் கொடுத்தான்.

ரெண்டு வாரம் கழிச்சு ஆபீஸ்ல இருந்து ஆள் வந்தது. பரப்பை ஏக்கர்ல போட்டிருக்கீங்க, ஹெக்டேர்ல மாத்தி வெள்ளிக்கிழமைக்குள்ள கொடுங்கன்னு. டவுனுக்கு ஓடினேன். கடை பூட்டிக் கிடக்குது. தம்பி மெட்ராஸ்ல வேலை கிடைச்சுப் போயிட்டானாம். வேற கடையில பென் டிரைவைச் செருகினா, திரை முழுக்க இங்கிலீஷ் எழுத்து, தலைமேல ரெண்டு புள்ளி வெச்ச எழுத்து, ஆச்சரியக்குறி, டாலர் குறி. த/பெ-வுக்கு நடுவுல இருந்த சாய்கோடு மட்டும் அப்படியே நின்னுட்டிருந்தது. "ஃபான்ட் இல்லண்ணா"ன்னார் கடைக்காரர். மறுபடி 63 பேரையும் ஜெராக்ஸைப் பார்த்து அடிக்கணும். நடுவுல கரண்ட் கட். கொண்டுபோனப்ப திங்கட்கிழமை. அந்த வருஷ மராமத்துப் பட்டியல்ல எங்க மதகு ஏறலை. நவரைக்குத் தண்ணி இல்லாம என் ஒண்ணரை ஏக்கர் தரிசாக் கிடந்தது.

அடுத்த தை மாசம் அப்பா தவறிட்டார்.

அவர் சொன்ன மூணு பக்கம் என்கிட்டதான் இருந்தது, பென் டிரைவ்ல. ஆனா படிக்க முடியாது. பத்தாவது வரைக்கும் படிச்ச ஒரு விவசாயி கம்ப்யூட்டர் பக்கம் போனது இதனாலதான். வேற ஆசை எதுவும் இல்லை.

ஏன் அப்படி ஆச்சுன்னு புரிஞ்சுக்கவே எனக்கு ரொம்ப நாள் பிடிச்சது. நம்ம பாஷையில சொல்றேன். கம்ப்யூட்டருக்கு எழுத்து தெரியாது, நம்பர்தான் தெரியும். எழுத்துங்கறது நிலம் மாதிரி, ஒவ்வொண்ணுக்கும் ஒரு சர்வே நம்பர். பழைய முறையில மொத்தமே 256 நம்பர்தான். அதுல முன்பாதியை இங்கிலீஷ்காரங்க பட்டா போட்டுட்டாங்க. தமிழுக்கு ஃபான்ட் செஞ்சவங்க ஒவ்வொருத்தரும் மிச்ச இடத்துலயோ, இங்கிலீஷ் எழுத்தைக் கிளப்பிட்டு அந்த இடத்துலயோ நம்ம எழுத்தைக் குடி வெச்சாங்க. ஒருத்தர் ஃபான்ட்ல 'க' இருக்கற நம்பர்ல இன்னொருத்தர் 'ழு' வெச்சிருப்பார். கிராமத்துப் பேர் சொல்லாம 118-ம் நம்பர் நிலம்னா எந்த நிலம்னு யாருக்குத் தெரியும்? ஊருக்கு ஊர் ஒரு 118 இருக்குதே. ஃபான்ட் பேர் தெரியாத ஃபைல் அந்த மாதிரி.

(எங்க செங்கல்பட்டு ஜாகீரை பர்னார்டுங்கற வெள்ளைக்காரர் அளக்க ஆரம்பிச்சது 1767-ல. ஊர் ஊரா அளந்து முடிக்க 7 வருஷம் ஆச்சு. அளக்கறதும் நம்பர் போடறதும் எங்க மண்ணுக்குப் பழக்கமான விஷயம்தான்.)

யூனிகோடுன்னு ஒண்ணு 1991-ல வந்தது. உலகத்துல இருக்கற எல்லா மொழிக்கும் சேர்த்து ஒரே சர்வே. அதுல 'அ'-வுக்கு 2949, 'க'-வுக்கு 2965. எந்த நாட்டு கம்ப்யூட்டர்லயும் அதே நம்பர்தான். ஆனா சர்வே முடிஞ்ச உடனே எல்லாரும் பழைய வரப்பை உடைச்சுட மாட்டாங்க இல்லையா? கடைகள்லயும் ஆபீஸ்கள்லயும் பழைய ஃபான்ட்தான் ஓடிட்டிருந்தது. தமிழ்நாட்டு அரசு யூனிகோடுக்கு உத்தரவு போட்டது 2010-ல, கோயமுத்தூர் செம்மொழி மாநாடு நடந்த சமயத்துல. எங்க மனு 2009. ஒரு வருஷம் முந்திட்டோம்.

இதையெல்லாம் தேடிப் படிக்கும்போதுதான் எனக்கு ஒரு விஷயம் ஆச்சரியமா இருந்தது. தமிழைக் கம்ப்யூட்டர்ல ஏத்தினவங்கள்ல பல பேருக்கு அது வேலையே இல்லை. வேற வேலை பார்த்துக்கிட்டு, சாயந்திரம் வீட்டுக்கு வந்து, தானே உக்காந்து கத்துக்கிட்டுச் செஞ்சிருக்காங்க.

டைப்ரைட்டர் காலத்துலயே இந்தக் கதை ஆரம்பிச்சாச்சு. தமிழ்த் தட்டச்சு விசைப்பலகையை அமைச்ச முத்தையா யாழ்ப்பாணத்துல பிறந்து மலேயாவுக்குப் பிழைக்கப் போனவர். அங்க ஒரு வியாபாரக் கம்பெனியில வேலை. இங்கிலீஷ் மிஷின்ல வேலை பார்த்துட்டு, நம்ம எழுத்துக்கு ஒண்ணு வேணுமேன்னு தானே வரைஞ்சு பார்த்தவர். பிறகு 1984-ல கனடாவுல இருந்து சீனிவாசன் 'ஆதமி'ன்னு ஒரு மென்பொருள் கொண்டுவந்தார். 1985-ல மலேசியாவுல முத்து நெடுமாறன் 'முரசு' செஞ்சார். சிங்கப்பூர்ல நா. கோவிந்தசாமி ஆசிரியர், சிறுகதை எழுதறவர். 1995-லயே தமிழ்க் கவிதையை இணையத்துல ஏத்திட்டார். 'இணையம்'ங்கற சொல்லையே அவர்தான் கொண்டுவந்தார்னு சொல்வாங்க. சுவிட்சர்லாந்துல கல்யாணசுந்தரம் வேதியியல் விஞ்ஞானி, சூரிய வெளிச்சத்துல இருந்து மின்சாரம் எடுக்கற ஆராய்ச்சி. அவர் 'மயிலை'ன்னு ஒரு ஃபான்ட் செஞ்சு இலவசமாக் கொடுத்தார். 1998 பொங்கலுக்கு மதுரைத் திட்டம் ஆரம்பிச்சு, பழைய இலக்கியத்தையெல்லாம் பல நாட்டுத் தமிழர்களை வெச்சு அடிக்க வெச்சார். விக்கிப்பீடியாவுல தமிழை 2003-ல இருந்து தூக்கி நிறுத்தின மயூரநாதன் கட்டடக் கலைஞர், வளைகுடாவுல வேலை பார்த்தவர். ஆயிரக்கணக்குல கட்டுரை எழுதியிருக்கார்.

ஒரு குறையும் சொல்லணும். ஆளுக்கொரு ஃபான்ட் செஞ்சதாலதான் எனக்கு அந்தக் கதி வந்தது. அது அவங்களுக்கே புரிஞ்சு, பல நாட்டுல இருந்தும் மின்னஞ்சல்லயே பேசி 'டிஸ்கி'ன்னு ஒரு பொது முறை கொண்டுவந்தாங்க. 1999 பிப்ரவரியில சென்னையில தமிழிணையம் 99 மாநாடு நடந்து அரசு வேற ரெண்டு முறையை அறிவிச்சது, டாம், டாப்னு. பொதுவுக்குப் பொதுவே மூணு ஆயிடுச்சு. நம்ம ஊர் வழக்கம், கேக்கணுமா? ஆனா அதே மாநாடு 'தமிழ் 99' விசைப்பலகையையும் கொடுத்தது. அதுக்கு ஒரு கும்பிடு போடலாம். உயிரெழுத்து எல்லாம் இடது கைக்கு, மெய் கிட்டத்தட்ட எல்லாம் வலது கைக்கு. 'அம்மா'ன்னு அடிக்க அ, ம, ம, ஆ. நாலே தட்டு. புள்ளியை அதுவே வெச்சுக்கும்.

இந்தக் கூட்டத்துல எனக்கு ரொம்ப நெருக்கமானவர் உமர் தம்பி. தஞ்சாவூர் ஜில்லா அதிராம்பட்டினத்துக்காரர், 1953-ல பிறந்தவர். நம்ம இதே கடற்கரையில தெக்கே போனா வர்ற ஊர். ரேடியோ, டிவி ரிப்பேர் தெரிஞ்சவர். துபாய்க்குப் போய் அந்த வேலையே பார்த்தார். அங்க இருந்துதான் கம்ப்யூட்டர் பக்கம் வந்தார். ரிப்பேர் பார்க்கற ஆளுக்கு ஒரு குணம் உண்டு. ஒரு சாமான் கெட்டா அதைத் தூக்கிப் போடத் தோணாது, பின் மூடியைக் கழட்டிப் பார்க்கத்தான் தோணும். எங்க ஊர் மோட்டார் மெக்கானிக்குக்கும் அதே குணம்.

அப்ப இருந்த பிரச்சினை என்னன்னா, யூனிகோடு வந்தும் நிறைய பேர் வீட்டு கம்ப்யூட்டர்ல தமிழ் தெரியலை. விண்டோஸ் 98-ல வசதியே சரியா இல்லை. விண்டோஸ் 2000-லதான் 'லதா'ன்னு ஒரு தமிழ் ஃபான்ட் கூடவே வந்தது. எக்ஸ்பி-யில சி.டி.யைப் போட்டு ஒரு அமைப்பை முடுக்கி விடணும். எத்தனை பேருக்கு அது தெரியும்? உமர் தம்பி 'தேனீ'ன்னு ஒரு யூனிகோடு ஃபான்ட் செஞ்சார். அதை இணையப் பக்கத்தோடயே கட்டி அனுப்பற மாதிரி செஞ்சார், இயங்கு எழுத்துருன்னு பேர். படிக்கறவங்க எதையும் இறக்க வேண்டாம், பக்கத்தைத் திறந்தா ஃபான்ட் தானா கூட வரும். விருந்தாளி வரும்போது பாயையும் தானே சுருட்டி எடுத்துட்டு வர்ற மாதிரி. எல்லாம் இலவசம். 2006 ஜூலையில, 53 வயசுல போயிட்டார். கோயமுத்தூர் மாநாட்டுல இணைய அரங்கத்துக்கு அவர் பேர் வெச்சாங்க. அவர் போன வயசை நான் தாண்டியாச்சு. அதை நினைச்சா ஒரு மாதிரி இருக்கும்.

இன்னொண்ணு 'எ-கலப்பை'. முகுந்தராஜும் தமிழா குழுவும் கொடுத்தது. யூனிகோடுல தமிழ் அடிக்க ஒரு சின்ன மென்பொருள், அதுவும் இலவசம். எத்தனையோ பேர் தமிழ்ல அடிக்க ஆரம்பிச்சது அதுலதான். நானும்தான். முதல்ல பேரைக் கேட்டுதான் இறக்கினேன். கம்ப்யூட்டர்காரங்க கலப்பைன்னு பேர் வெச்சிருக்காங்களே, நமக்கு ஆகும்னு.

என் கதைக்கு வர்றேன். 2012-ல என் பொண்ணுக்கு பிளஸ் டூவுல அரசாங்க லேப்டாப் கிடைச்சது. அவ பத்து மணிக்குத் தூங்கினா அதுக்கப்புறம் அது எனக்கு. முதல் மாசம் முழுக்க ஒரு விரல்ல என் பேரையே அடிச்சுட்டிருந்தேன். "ஏம்பா, தூங்கலையா நீ? காலையில மோட்டார் போடணும்னியே"ன்னு எழுந்து வந்து திட்டுவா. மூணு மாசத்துல தமிழ் 99 கைக்கு வந்துடுச்சு. நாத்து நடறவங்க விரல் மாதிரிதான். பார்த்துப் பார்த்து நட்டா பாத்தி முடியாது, விரலுக்கே இடம் தெரியணும்.

அதுக்கப்புறம் திங்கட்கிழமை தினமலரோட வர்ற கம்ப்யூட்டர் மலரை டீக்கடையில கேட்டு வாங்கிட்டு வருவேன். இணையப் பக்கத்தோட மூலத்தைப் பார்க்கலாம்னு அப்படி எங்கேயோ படிச்சேன். எந்தப் பக்கமா இருந்தாலும் ஒரு கட்டளை கொடுத்தா உள்ளே எப்படிக் கட்டியிருக்காங்கன்னு அப்படியே தெரியும். இது எனக்குப் புதுசு இல்லை. மாமல்லபுரம் வர்றவங்க முடிஞ்ச சிற்பத்தை மட்டும் பார்த்துட்டு பஸ் ஏறிடறீங்க. அங்க முடியாத குடைவரையும் இருக்குது. போய்ப் பாருங்க, பாறையில கட்டம் கட்டமா வெட்டி, நடுவுல இருக்கற சதுரத்தை உடைச்சு எடுத்துட்டே உள்ளே போயிருப்பாங்க. எப்படிச் செஞ்சாங்கன்னு தெரியணும்னா முடியாததைத்தான் பார்க்கணும். சின்ன வயசுல மாடு மேய்ச்சுட்டு அந்தக் கட்டத்துல விரல் விட்டுப் பார்த்தவன் நான்.

பென் டிரைவ் ஃபைலை நடுநடுவே திறந்து பார்ப்பேன். சுரதா யாழ்வாணன் செஞ்ச 'பொங்குதமிழ்'ங்கற மாற்றியில போட்டேன். பழைய ஃபான்ட்ல இருக்கறதை யூனிகோடுக்கு மாத்தும், நிறைய பேருக்குக் கை கொடுத்த சாமான். என் ஃபைலுக்கு மட்டும் எந்த முறையும் ஒத்து வரலை. கடைத் தம்பி வெச்சிருந்தது என்ன ஃபான்ட்டோ.

அப்படியே 8 வருஷம் ஓடிடுச்சு. 2020 மார்ச் கடைசியில ஊரடங்கு. கழனியில தர்பூசணி பழுத்துக் கிடக்குது, லாரி வரலை. பாதி மாட்டுக்குப் போச்சு, மீதி அழுகிடுச்சு. ராத்திரி தூக்கம் வரலை. லேப்டாப்பை எடுத்தேன். பழைய மிஷின், விண்டோஸ் இழுக்காது, அதனால லினக்ஸ்தான் ஓட்டிட்டிருந்தேன். அதுல பைத்தான்னு ஒரு மொழி ஏற்கெனவே இருந்தது. காஞ்சிபுரத்துக்காரர் த. சீனிவாசன் 2012-ல ஆரம்பிச்ச 'கணியம்' இதழ்ல தமிழ்லயே இதையெல்லாம் எழுதியிருக்காங்க. காஞ்சி லினக்ஸ் பயனர் குழுன்னு ஒண்ணு ஞாயித்துக்கிழமை இணையத்துல கூடிப் பேசும். நான் வேப்ப மரத்தடியில போனை வெச்சுக்கிட்டு ஓரமாக் கேட்பேன். பொடிப் பசங்க எல்லாம் "ஐயா, கேளுங்க"ன்னு சொல்லிக் கொடுப்பாங்க.

பூட்டுக்குச் சாவி எங்க இருந்ததுன்னா, அந்த 63 பேர் பட்டியல்ல. அதுக்கு ஜெராக்ஸ் இருக்குதே! அதே கடை, அதே ஃபான்ட். பட்டியல்ல ஒவ்வொரு வரியிலயும் த/பெ வருது. சாய்கோட்டுக்கு முன்னாடி எப்பவும் ஒரே குறி, அது 'த'. பின்னாடி ரெண்டு குறி, அது 'பெ'. ஏழுமலை, கன்னியப்பன், முருகேசன்னு ஒவ்வொரு பேரா ஜெராக்ஸோட ஒத்துப் பார்த்து, எந்தக் குறி எந்த எழுத்துன்னு நோட்டுல எழுதினேன். நாலு நாள் ஆச்சு. பிறகு அந்தக் குறியை எல்லாம் மாத்தச் சொல்லி ஒரு சின்ன நிரல் எழுதினேன். ஓட்டினா, த/பெ-வே சரியா வரலை. கொம்பு தனியா, 'ப' தனியா நிக்குது.

இங்க ரெண்டு ராத்திரி மாட்டினேன். காரணம் என்னன்னா, டைப்ரைட்டர்லயும் பழைய ஃபான்ட்லயும் கையால எழுதற வரிசைதான். முதல்ல கொம்பு, அப்புறம் 'ப'. யூனிகோடுல வாயால சொல்ற வரிசை. முதல்ல 'ப', பின்னாடி கொம்பு. திரையில கொம்பு முன்னாடி தெரிஞ்சாலும் உள்ளே பின்னாடிதான் இருக்கும். 'கொ' இன்னும் மோசம், பழைய முறையில கொம்பு, க, கால்னு மூணு துண்டு. அதனால முதல்ல மூணு துண்டு எழுத்தை மாத்தணும், அப்புறம் ரெண்டு துண்டு, அப்புறம் ஒத்தை எழுத்து. வரிசை மாறினா எல்லாம் குழம்பிடும். தண்ணி பாய்ச்சறப்ப கடைமடையை முதல்ல அடைச்சுட்டு மேல வர்ற மாதிரி. குழுவுல ஒரு தம்பி ஒரே கேள்விதான் கேட்டான், "ஐயா, எதை முதல்ல மாத்தறீங்க?" அதுலயே பிடிச்சுட்டேன்.

மறுநாள் விடியக்காலை நாலு மணிக்கு பட்டியல் திறந்தது. 63 பேரும் சரியா வந்தாங்க. அதே நிரலை அப்பாவோட மூணு பக்கத்து மேல ஓட்டினேன்.

முதல் வரியில் அவர் பேச்சு அப்படியே இருந்தது. "எழுதிக்கப்பா, தெக்கு மதகு திறந்தா மொத தண்ணி கோயில் மானியத்துக்கு." கடைத் தம்பி "எழுதிக்கப்பா"வையும் சேர்த்தே அடிச்சிருக்கான். தண்ணி கம்மியான வருஷம் மேக்கால பாதி, கிழக்கால பாதின்னு பிரிச்சு எல்லாருக்கும் கொஞ்சம் நடவு, யாருக்கும் முழுசா இல்லைன்னு ஒரு ஏற்பாடு இருந்ததாம். இது எனக்கே தெரியாது. என் பொண்டாட்டியை எழுப்பிப் படிச்சுக் காட்டினேன். கடைசி பக்கத்துக்கு வரும்போது அவ எழுந்து போய் மாட்டுக்குத் தண்ணி காட்டறேன்னுட்டா.

ஒரே ஒரு எழுத்து மட்டும் இன்னும் கட்டமாத்தான் நிக்குது. பழைய ஃபான்ட்ல சூ, நூ, ளூ மாதிரி எழுத்துக்கெல்லாம் தனித்தனிக் குறி. பட்டியல்ல யார் பேர்லயும் அந்தக் குறி வரலை. மூணாவது பக்கத்துல ஒரே ஒரு இடத்துல வருது, ஒரு கால்வாயோட பேர்ல. கட்டம், அப்புறம் 'லாங்கால்'. ஊர்ல மூத்தவங்களைக் கேட்டேன். ஒருத்தர் நூலாங்கால்ங்கறார், நூல் மாதிரி ஒல்லியா ஓடுமாம். இன்னொரு ஆயா சூலாங்கால்ங்குது, அங்க ஒரு சூலம் நட்டிருந்ததாம். போய்ப் பார்க்கலாம்னா அந்த இடம் இப்ப மனைப் பிரிவு, தார் ரோடு போட்டாச்சு. கட்டத்தை அப்படியே விட்டு வெச்சிருக்கேன்.